தோட்டத்துக்கு உயிரளவில் ஒரு விலங்கு: வெண்கலமா, கம்பியா, கல்லா, சிமென்டா?

மானின் முன்னங்காலைக் குளம்புக்குச் சற்று மேலே பிடித்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அப்படிப்பட்ட நான்கு கால்கள் எழுபது எண்பது கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு புல்லில் சத்தமில்லாமல் நடக்கின்றன. உயிருள்ள மானுக்கு எலும்பும் தசைநாரும் அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன. சிலைக்கு எது தாங்கும்? தோட்டத்தில் உயிரளவில் ஒரு விலங்கை நிறுத்த ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். எந்தப் பொருளில் செய்வது, எவ்வளவு செலவாகும், எத்தனை காலம் நிற்கும் என்ற மற்ற கேள்விகளுக்கெல்லாம் பாதிப் பதில் அந்தக் காலிலேயே இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் ஒரு சின்னக் குளமும், அதன் பின்னால் ஆளுயர வேலிச்செடியும், ஒரு பக்கம் சரிவான புல்வெளியும் உண்டு. குளக்கரைக்கு ஒரு நாரை, புல்வெளிக்கு ஒரு மான் என்று இரண்டு ஆசை இருந்தது. ஒன்றுக்குத்தான் வசதி. எந்த விலங்கு, எந்தப் பொருளில் என்று முடிவெடுக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பட்டறைகளுக்குப் போனோம், பத்துப் பதினைந்து ஆண்டு மழையில் நனைந்த சிலைகளைத் தேடிப்போய்த் தொட்டுப் பார்த்தோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் அட்டை

அறைக்குள் பெரிதாகத் தெரியும் சிலை வெட்டவெளிக்கு வந்ததும் சுருங்கிப்போகும். பட்டறையில் வழிமறித்துக்கொண்டு நின்ற மான், வானத்துக்குக் கீழே நிறுத்தியதும் குட்டி மானாகத் தெரியும். அதனால்தான் வெளியில் வைக்கிற சிலையை உயிரளவைவிடக் கொஞ்சம் கூட்டிச் செய்கிற பழக்கம் சிற்பிகளிடம் இருக்கிறது. புள்ளிமானின் தோள் உயரம் ஏறக்குறைய 90 செ.மீ. புலியும் உயரத்தில் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆனால் வாலோடு சேர்த்து இரண்டரை மீட்டருக்கு மேல் நீளும். சாம்பல் நாரை கழுத்தை நீட்டி நின்றால் ஒரு மீட்டரை எட்டும். காட்டுமாட்டின் தோள் இரண்டு மீட்டரை நெருங்கும். சின்னத் தோட்டத்தில் அதை நிறுத்தினால் சுவர் எழுப்பியதுபோல இருக்கும்.

இந்த எண்களைப் படித்தால் போதாது. பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒட்டி, விலங்கின் பக்கவாட்டு உருவத்தை முழு அளவில் வெட்டி, குச்சியில் கட்டி, நினைத்த இடத்தில் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். காலையில் சன்னலிலிருந்து, மாலையில் வாசலிலிருந்து, விருந்தாளி வந்து உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். எங்கள் அட்டை மான் மூன்றாம் நாளே இடம் மாறியது. சரிவில் நின்றபோது அதன் முதுகுதான் தெரிந்தது, கால்கள் புல்லில் மறைந்துபோயின. பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

வெண்கலம்

மெல்லிய கால்களுக்கு வெண்கலத்தை மிஞ்சிய பொருள் இல்லை. பழைய கலவையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். இன்று பல பட்டறைகள் சிலிக்கான் வெண்கலத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் 95 சதவீதத்தை ஒட்டிச் செம்பு, 4 சதவீதம் போலச் சிலிக்கான், மிச்சம் மாங்கனீசு. பற்றவைக்க எளிது, வெளிக்காற்றைத் தாங்கும்.

வேலை நடப்பதைப் பார்த்தால்தான் அதன் விலை ஏன் அப்படி இருக்கிறது என்று புரிகிறது. சிற்பி முதலில் எஃகுக் கம்பிச் சட்டத்தின்மேல் களிமண்ணில் முழு விலங்கையும் செய்கிறார். அதன்மேல் ரப்பர் அச்சு எடுத்து, அச்சுக்குள் சுமார் 5 மி.மீ. கனத்துக்கு மெழுகைப் பூசுகிறார்கள். அந்த மெழுகுக் கூட்டைப் பீங்கான் குழம்பில் பலமுறை முக்கிக் காயவைத்து ஓடாக்கி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் 1,000 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மான் ஒரே வார்ப்பில் வராது. தலை, கொம்பு, கால், உடல் என்று துண்டு துண்டாக வார்த்துப் பற்றவைத்து, பற்றிய இடத்தை அரம் போட்டு ராவி, உளியால் மறுபடி ரோமம் கீறி, கடைசியில் தீக்கொழுந்தால் சூடேற்றிக்கொண்டே அமிலக் கரைசலைப் பூசி நிறம் ஏற்றுகிறார்கள்.

வாங்கும்போது என் விரல் எங்கே போகும் என்று சொல்கிறேன்: தொடையின் உட்புறத்துக்கு. சிலையைப் பார்க்கிறவர்கள் முகத்தையும் கொம்பையும் பார்ப்பார்கள், பட்டறைக்காரர்களும் அங்கேதான் கவனத்தைச் செலவிடுவார்கள். தொடையின் உட்புறத்தில் விரலை மெதுவாக ஓட்டினால், நல்ல வேலையில் ரோமக்கீற்று அறுபடாமல் போகும். சுமாரான வேலையில் ஒரு விரல் அகலத்துக்கு வழவழவென்று ஒரு பட்டை தட்டுப்படும், பிறகு ரோமம் மறுபடி தொடங்கும். அந்தப் பட்டைதான் பற்றவைத்த இடம். அங்கே அவசரப்பட்டவர்கள் உள்ளேயும் அவசரப்பட்டிருப்பார்கள்.

எடைக் கணக்கு ஒன்று எனக்குப் பிடித்தது. வெண்கலத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல எட்டரை மடங்குக்கு மேல். 5 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 44 கிலோ வரும். புள்ளிமான் அளவுள்ள விலங்கின் மேற்பரப்பு இரண்டு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, உள்ளே வெற்றிடமான வெண்கல மான் எண்பது கிலோவை ஒட்டி நிற்கும். உயிருள்ள மானின் எடையும் ஏறக்குறைய அதுதான்! இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்கிவிடலாம், காற்றுக்கு அசையாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். செலவில் இதுதான் உச்சம். திருட்டுப் பயமும் உண்டு. ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூரின் படுத்திருக்கும் உருவம் ஒன்றை 2005 டிசம்பரில் இங்கிலாந்தில் இரண்டு டன் எடையோடு அப்படியே லாரியில் தூக்கிப் போனார்கள். உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள் என்றுதான் நம்பப்படுகிறது. கடற்காற்றின் உப்பு பட்டால் பச்சைக் களிம்பு ஏறும். பறவை எச்சம் நிறத்தை அரிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்து மெழுகு தேய்த்தால் இவை கட்டுக்குள் இருக்கும். அரைநாள் வேலைதான்.

எத்தனை பிரதி வார்ப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரான்சில் எட்டுப் பிரதிகளும் கலைஞருக்கான நான்கும் சேர்த்துப் பன்னிரண்டுக்கு மேல் வார்த்தால் அதை மூலப்படைப்பாகக் கருத மாட்டார்கள். மற்ற இடங்களில் அது சிற்பியின் சொல்லைப் பொறுத்தது. சிலையில் கையொப்பமும், எத்தனையில் எத்தனையாவது பிரதி என்ற எண்ணும் வெட்டியிருக்க வேண்டும்.

வெண்கலம்போலத் தெரிவது

பாலியெஸ்டர் ரெசினில் வெண்கலத் தூளைக் கலந்து அச்சில் பூசி, பின்னால் கண்ணாடி இழை ஒட்டி எடுப்பதற்குக் 'குளிர் வார்ப்பு வெண்கலம்' என்று பெயர். செலவு வெகுவாகக் குறையும். மான் பதினைந்து கிலோகூட வராது, ஒரே ஆள் தூக்கலாம். புதிதாக இருக்கும்போது இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விரல் கணுவால் தட்டினால் தெரியும்: வெண்கலம் மணிபோல ஒலிக்கும், இது 'டொக்' என்று நின்றுவிடும்.

கூரையுள்ள முற்றத்துக்கும் நிழலான இடத்துக்கும் இது பொருத்தம்தான். நாள் முழுக்க வெயில் விழும் புல்வெளிக்கு நான் சொல்ல மாட்டேன். புற ஊதாக் கதிர் ரெசினின் மேல்தோலை உடைக்கும். சில ஆண்டுகளில் சுண்ணாம்பு பூத்ததுபோல வெளுக்கும், காதும் கொம்பு நுனியும் முதலில் விரிசல் விடும். எடை குறைவு என்பதால் காற்றிலும் சாயும், அடியில் நன்றாகப் பூட்ட வேண்டும். இதில் இயற்கை வண்ணம் அடித்த புலி, சிறுத்தைகளும் கிடைக்கின்றன. அவற்றை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. முதல் நாள் பார்த்ததும் திடுக்கிட வைக்கும். அதன்பின் பக்கத்திலேயே உண்மையான இலையும் உண்மையான அணிலும் அசைந்துகொண்டிருக்க, அந்த அசையாத மஞ்சள் நிறம் நாளுக்கு நாள் பொய்யாகத் தெரியும். நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் பிடித்த சிலைதான் தோட்டத்தோடு ஒத்துப்போகிறது.

கம்பி

எங்களை ஏறக்குறைய மயக்கிவிட்டது கம்பி. கோழிக்கூண்டுக்கு அடிக்கிற அதே துத்தநாகம் பூசிய வலையை அடுக்கடுக்காக மடித்து, இழுத்து, முறுக்கித் தசையாக்குகிறார்கள். லண்டன் கோபுரம் என்ற பழைய கோட்டையில் சிற்பி கெண்ட்ரா ஹேஸ்ட் செய்து நிறுத்திய சிங்கங்களும் யானையும் குரங்குகளும் வெள்ளைக் கரடியும் இந்த முறைக்குப் பெரிய சான்று. அந்தக் கோட்டையில் ஒரு காலத்தில் உண்மையாகவே விலங்குகளை வைத்திருந்தார்கள். 1252-ல் நார்வே மன்னர் பரிசாக அனுப்பிய வெள்ளைக் கரடியைச் சங்கிலியில் கட்டித் தேம்ஸ் ஆற்றில் மீன் பிடிக்க விட்ட வரலாறு உண்டு. கூண்டில் வாழ்ந்த விலங்குகளை வலைக்கம்பியிலேயே செய்திருப்பது நெஞ்சைத் தொடுகிறது.

தோட்டத்தில் கம்பி மானின் அழகு அது பாதி மறைவதில் இருக்கிறது. உச்சி வெயிலில் அதன் ஊடே பின்னால் இருக்கும் செடி தெரியும். மாலையில் வெயில் சாய்ந்து அடிக்கும்போது ஒவ்வொரு கம்பியும் ஓரத்தில் ஒளிவிட, விலங்கு திரண்டு முன்னால் வரும். காட்டில் மான் கண்ணில் படுவதும் அப்படித்தான். காற்று ஊடுருவிப் போவதால் சாயாது, எடையும் குறைவு.

காலைத்தான் கவனிக்க வேண்டும். வலைக்கு மட்டும் அந்தக் காலில் நிற்கும் வலு கிடையாது. உள்ளே எஃகுத் தண்டு கட்டாயம். தண்டும் துத்தநாகம் பூசியதா, பற்றவைத்த இடத்தில் கருகிப்போன பூச்சுக்கு மேல் மறுபடி பூசினார்களா என்று கேளுங்கள். துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து எஃகைக் காக்கிறது; அது தீர்ந்த இடத்தில் துரு தொடங்கும். கடலோரமென்றால் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு வேண்டும். அதில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்வதால் உப்புக்கு ஈடுகொடுக்கும். உதிரும் இலைகள் வயிற்றுக்குள் சேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையை உள்ளே விட்டு எடுக்க முடியாது, நீரைப் பீய்ச்சித்தான் கழுவ வேண்டும். குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில் வெட்டிய கம்பி முனைகள் உள்நோக்கி மடக்கியிருக்க வேண்டும்.

கல்

கல்லுக்கு இழுவிசை தாங்காது. அதனால் அது தடித்த காலையும் படுத்த உடலையும் விரும்புகிறது. மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்குப் பக்கத்தில் ஒற்றைக் கல்லில் நிற்கும் யானையைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பல்லவர் காலத்துச் சிற்பிகள் யானையை நிற்க வைத்தார்கள். தூண்போன்ற அந்தக் காலுக்குக் கல் இயல்பாகவே இசைந்தது. அதே கல்லில் நிற்கும் மானைச் செய்யச் சொன்னால் வயிற்றுக்கடியில் ஒரு கல்லை விட்டுவைக்க வேண்டியிருக்கும்.

பிரெஞ்சுச் சிற்பி பிரான்சுவா பொம்போன் 1922-ல் பாரிசில் காட்சிக்கு வைத்த வெள்ளைக் கரடி இன்னொரு பாடம். அதன் கல் வடிவம், இரண்டரை மீட்டர் நீளத்தில், ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமம் என்று ஒரு கீற்றுக்கூட இல்லை. நடை மட்டும் இருக்கிறது. கல்லில் விலங்கு கேட்கிறவர்கள் ரோமத்தை மறந்துவிட வேண்டும்.

எடைதான் பெரிய சங்கதி. விலங்குகளின் உடல் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரளவு, கருங்கல் அதைப்போல 2.7 மடங்கு. நூறு கிலோ காட்டுப்பன்றி கல்லில் 270 கிலோ, பீடம் தனி. கிரேன் வரும் அளவுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். கிரேன் வந்து இறங்கிவிட்டால் அதன்பின் கல்லுக்கு வேறு செலவே இல்லை. பாசி படர்ந்தால் அழகு கூடும்.

சிமென்டும் மரமும் துருத் தகடும்

கம்பிக்கூட்டின்மேல் வலை கட்டிச் சிமென்ட் சாந்து பூசிச் செய்வது நம்மில் பலருக்குத் தெரிந்த வேலைதான், சுதை வேலையின் நீட்சி. பெரிய விலங்கைக் குறைந்த செலவில் செய்ய இதுதான் வழி. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் 1854-ல் செங்கல், இரும்பு, சிமென்ட் கொண்டு எழுப்பிய டைனோசர்கள் இன்னும் நிற்கின்றன. நிற்கின்றன என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. வெடிப்பதும் பழுதுபார்ப்பதுமாகவே காலம் போகிறது; 2020-ல் அவற்றில் ஒன்றான மெகலோசாரசின் முகவாய் உடைந்து விழுந்து, பிறகு புதிது பொருத்தினார்கள். காரணம் எளியது. வெடிப்பு வழியாக நீர் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கேட்ட இடத்தைச் சிமென்டைப் பிளந்து எடுத்துக்கொள்ளும். மெல்லிய காலில் கம்பிக்கு மேல் சாந்து பூசவே இடமிருக்காது என்பதால் அங்கேதான் முதலில் வெடிக்கும். முதலை, ஆமை, நீர்யானை, படுத்த எருமை இவற்றுக்குச் சிமென்ட் சரி. நாரைக்கும் மானுக்கும் வேண்டாம்.

கடல் ஒதுக்கிய மரத்துண்டுகளை எஃகுச் சட்டத்தில் பூட்டி ஹெதர் ஜான்ஷ் செய்த உயிரளவுக் குதிரைகள் உலகப் புகழ்பெற்றவை. குச்சியின் வளைவே தசையாகும் அந்த அழகை வேறு பொருளில் பார்க்க முடியாது. ஆனால் மண்ணைத் தொடும் மரம் மக்கும், கரையான் வரும். அமெரிக்கச் சிற்பி டெபோரா பட்டர்ஃபீல்ட் இதற்கு ஒரு வழி கண்டார்: குச்சிகளால் குதிரையைக் கட்டி, ஒவ்வொரு குச்சியையும் வெண்கலத்தில் வார்த்து, மரநிறமே ஏற்றிவிடுகிறார். தொட்டால் சில்லென்று இருக்கும்போதுதான் உலோகம் என்றே தெரியும்.

துருவே மேல்தோலாக நின்று காக்கும் கார்ட்டன் எஃகுத் தகட்டில் வெட்டிய உருவங்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. பக்கவாட்டில் பார்த்தால் மான், முன்னால் வந்து பார்த்தால் ஒரு கோடு. ஒரே பக்கமிருந்து பார்க்கும் இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும். முதல் சில மழைக்குத் துருநீர் வழிந்து கீழே உள்ள கல்லைக் கறையாக்கும் என்பதால் வெளிறிய தளத்தின்மேல் வைக்காதீர்கள்.

செய்கிறவருக்கு விலங்கைத் தெரியுமா?

பொருளைவிட இது முக்கியம் என்பேன். சிலையின் காதைப் பாருங்கள். எச்சரிக்கையாக நிற்கும் மான் ஒரு காதை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் திருப்பி வைக்கும். இரண்டு காதும் ஒரே வார்ப்பில் ஒரே பக்கம் விறைத்திருந்தால், சிற்பி படத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார். பதுங்கி நடக்கும் சிறுத்தைக்குத் தோள்பட்டை எலும்பு முதுகுக்கோட்டுக்கு மேலே எழ வேண்டும். நாரையின் கழுத்து பாம்புபோல வழுக்கி வளையாது. ஆறாவது கழுத்தெலும்பு நீண்டிருப்பதால் அந்த இடத்தில் சட்டென்று ஒரு முறிவு தெரியும். அந்த முறிவில்தான் மீனைக் குத்தும் வேகம் அடங்கியிருக்கிறது. அதை வட்டமாக வழித்துவிட்டால் நாரை வாத்தாகிவிடும்.

பாயும் நிலை, பறக்கும் நிலை எல்லாம் படத்தில் நன்றாக இருக்கும். தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் பார்க்கப்போகிறோம். பாய்ந்தபடியே நிற்கும் மான் ஆறு மாதத்தில் கண்ணை உறுத்தும். பாரம் முழுவதும் இரண்டு குளம்பில் விழுவதால் பொறியியலும் சிக்கல். நின்று கவனிக்கும் விலங்கு, படுத்த விலங்கு, தலை தாழ்த்தி நீர் குடிக்கும் விலங்கு இவை சலிப்பதில்லை.

எங்கள் முடிவு

கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு: கம்பி மான், வெண்கல நாரை. செலவில் பெரிய வேறுபாடு இல்லை. நாரை சிறியது, உலோகம் குறைவாகவே பிடிக்கும் என்பதால் வெண்கலம் எட்டக்கூடியதாக இருந்தது. பெரிய விலங்கைத் தாழ்ந்த பொருளில் வாங்குவதைவிடச் சிறிய விலங்கை நல்ல பொருளில் வாங்கலாம் என்று நான் நினைத்தேன். வீட்டில் மற்றவர்களுக்கு மான்மேல்தான் ஆசை. அட்டை உருவங்கள்தான் வழக்கைத் தீர்த்தன. மான் எங்கே நின்றாலும் அதன் வெள்ளிநிறம் பக்கத்து வேலிக்கம்பியோடு கலந்துபோகும் என்று தெரிந்தது. நாரை தண்ணீரோரம் நின்றதும், அட்டையாக இருந்தபோதே, குளம் ஆழமானதுபோலத் தோன்றியது.

பின்னணிக்கும் யோசித்தோம். கரும்பச்சை வேலிக்கு முன்னால் கரும்பழுப்பு வெண்கலம் கரைந்துபோகும். அதனால் சிற்பியிடம் நிறத்தை வெளிறிய சாம்பல் பச்சையில் ஏற்றச் சொன்னோம்.

பீடம் வேண்டாம் என்பதில் அவரும் நாங்களும் ஒத்த கருத்து. உயிரளவு விலங்கைப் பீடத்தில் ஏற்றினால் அது நினைவுச் சின்னமாகிவிடும். கரையில் இரண்டடி தோண்டி, கான்கிரீட் போட்டு, காலுக்குள்ளிருந்து வரும் துருப்பிடிக்காத எஃகுத் தண்டுகளை அதில் இறக்கி, மேலே மண்ணும் கூழாங்கல்லும் மூடினோம். துத்தநாகம் பூசிய போல்ட்டை அங்கே போட்டிருந்தால், ஈரத்தில் வெண்கலத்தோடு சேர்ந்து சில ஆண்டுகளில் அரித்துப்போயிருக்கும். வயிற்றின் அடியில் ஒரு சின்ன வடிகால் துளை இருக்கிறதா என்றும் குனிந்து பார்த்துக்கொண்டோம். உள்ளே வேர்க்கும் நீர் வெளியேற வேண்டும், உறைபனி வரும் ஊர்களில் உள்ளே தேங்கிய நீர் உறைந்து உலோகத்தையே பிளந்துவிடும்.

கான்கிரீட் இறுகுவதற்கு முன் சிற்பி சன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து, தண்டுகளை ஒரு சாண் இடப்பக்கம் திருப்பினார். அதுவரை வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அலகு தண்ணீரைப் பார்த்தது.